கம்பி அவருக்கு, துணி எங்களுக்கு: குன்னூர் கைவினைக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குன்னூர் மார்க்கெட்டுக்கு இறங்கும் சரிவில் குடை ரிப்பேர்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு சாக்கு விரித்திருக்கும். அதன்மேல் கம்பிகள், கைப்பிடிகள், குறடு, ஊசி நூல். அவருக்குப் பின்னால் சுவரோரம் எப்போதும் ஒரு குவியல் கிடக்கும். உடைந்த குடைகளிலிருந்து கம்பியை உருவிய பிறகு மிஞ்சுகிற துணி அது. மாலையில் கிளம்பும்போது அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார். வீணாகும் பொருளில் என்ன செய்யலாம் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த நாங்கள், இரண்டு வருடம் அந்தக் குவியலைத் தாண்டித்தான் நடந்தோம்.

நாங்கள் என்றால் ஏழு பெண்கள். இரண்டு பேர் தேயிலை பறிக்கப் போகிறவர்கள். ஒருவர் ஹோம்ஸ்டே ஒன்றில் அறை சுத்தம் செய்கிறார். மற்றவர்கள் வீட்டில் இருப்பவர்கள். நான் தையல் கடை வைத்திருந்தவள். தைக்கச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள், போனேன், அப்படியே குழுவோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு அக்கா வீட்டு முன்னறைதான் எங்கள் இடம். காலால் மிதிக்கும் மெஷின் ஒன்று, மோட்டார் வைத்தது ஒன்று. இதுதான் மொத்த முதல்.

எங்களைப் போல ஆரம்பிக்க நினைக்கும் குழுக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்முறை வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை எந்த ஊரில் எடுத்தவை, அங்கே எத்தனை மாதம் வெயில் அடிக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்களைக் கவிழ்த்ததும் அதுதான், கடைசியில் கைகொடுத்ததும் அதுதான்.

பேப்பர் கூடையும் பாட்டிலும்

முதலில் செய்தது பேப்பர் கூடை. பழைய செய்தித்தாளைக் குச்சியில் சுற்றிக் குழல் குழலாக்கி, மைதா பசை தடவிக் காயவைத்து, பிரம்புக் கூடை பின்னுவது போலப் பின்ன வேண்டும். மேலே சாயம், அதற்கு மேலே வார்னிஷ். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மே மாத சீசனில் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கும் இங்கே சிம்ஸ் பூங்காவில் நடக்கும் பழக் கண்காட்சிக்கும் வந்த கூட்டத்தில் நன்றாகவே விற்றது. அந்தத் தெம்பில் செப்டம்பரில் உட்கார்ந்து நாற்பதுக்கு மேல் பின்னி அடுக்கி வைத்தோம்.

குன்னூரில் இருப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் எப்படி இருக்கும் என்று தெரியும். ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கினால், எங்கள் பக்கமும் கோத்தகிரி பக்கமும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. பத்து நாள் சேர்ந்தாற்போல் வெயிலைப் பார்க்க முடியாது. தோய்த்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் தொட்டால் சில்லென்று இருக்கும். நவம்பர் கடைசியில் மூட்டையைப் பிரித்தபோது கூடைகளின் உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசணம். அந்த அறையில் பழைய கிணற்று வாடை அடித்தது. ஒரு கூடையைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தோம். பேப்பரும் மைதாவும் பூசணத்துக்கு நல்ல சாப்பாடு. புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதே பூச்சியும் பூசணமும் அண்டாமல் இருக்கத்தான். நாங்கள் அதைச் சேர்க்கவில்லை. அது விஷம், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் கலக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய தப்பு வார்னிஷ். வெளியே காய்ந்தது போலத் தெரிந்த குழலுக்குள்ளே ஈரம் இருந்தது. அதன்மேல் வார்னிஷ் அடித்து, அந்த ஈரம் வெளியேறவே வழியில்லாமல் அடைத்துவிட்டோம். மதுரையிலோ திருச்சியிலோ இதே கூடை வருடக்கணக்கில் இருந்திருக்கும்.

அடுத்தது பாட்டில். சாலையோரமும் சோலைக்காட்டு ஓரமும் கிடந்த மது பாட்டில்களைப் பொறுக்கி, கழுவி, சணல் கயிறு சுற்றி, பெயிண்ட் அடித்துப் பூச்சாடி ஆக்கினோம். லேபிள் பசை போக யூகலிப்டஸ் தைலம் தொட்டுத் துடைத்தால் போதும், நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. காலி பாட்டிலை இப்படி மாற்றுவது நல்ல வேலைதான் என்று நம்பித்தான் செய்தோம். 2022ல் நிலைமை மாறியது. உடைந்த பாட்டில்கள் காட்டில் யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைத் தொடர்ந்து, நீலகிரியில்தான் முதலில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக ₹10 வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. அப்புறம் சாலையோரத்தில் பாட்டில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் அது ₹10 பெறுமானம்.

சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பாட்டில் மறுபடி பாட்டிலாகவே தொழிற்சாலைக்குப் போவது, எங்கள் பூச்சாடியைவிட எத்தனையோ மடங்கு மேல். வீணாகும் பொருளில் கைவினை செய்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நாம் எடுக்காவிட்டால் இந்தப் பொருள் எங்கே போகும்? திரும்பப் போக அதற்கு நல்ல வழி இருந்தால் நாம் தொடத் தேவையில்லை. பழைய பேப்பருக்கும் அட்டைக்கும் இரும்புக்கும் பழைய இரும்புக்கடைக்காரர் இருக்கிறார். அவர்கூட வாங்க மறுப்பது எதுவோ, அதுதான் எங்களுக்கானது.

குடைத்துணி

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மார்க்கெட் சரிவில் இறங்கியபோதுதான் அந்தக் குவியல் கண்ணில் பட்டது. கேட்டதும் அவர் சிரித்தார்.

"கம்பி எனக்கு வேணும். துணி யாருக்குங்க வேணும்? எடுத்துக்கோங்க."

காசு கொடுத்தோம், வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, வீடுகளில் கிடக்கும் உடைந்த குடைகளை நாங்கள் சேகரித்துக் கம்பியைக் கழற்றி அவரிடம் கொடுக்கிறோம். அவரிடம் சேரும் துணியை அவர் எங்களுக்கு எடுத்து வைக்கிறார். இன்றுவரை இந்த ஏற்பாட்டில் ஒரு பைசா கைமாறியதில்லை.

முதலில் அந்தத் துணியை வெட்டி வெட்டிப் பை தைத்தோம். குடையில் பெரும்பாலும் எட்டுத் துண்டு இருக்கும், ஒவ்வொன்றும் நீள முக்கோணம். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து இணைத்தால் நேரான பட்டை கிடைக்கும். மார்க்கெட் பைக்கு அது நன்றாக அமைந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை வந்ததிலிருந்து துணிப்பைக்குத் தேவை இருக்கிறது. ஆனால் 2021 டிசம்பரில் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு பருத்திப் பை குறைந்த விலைக்கு எங்கும் கிடைக்கிறது. அதோடு நாங்கள் போட்டி போட முடியாது. எட்டுத் துண்டை இணைத்து ஒரு பை தைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒன்றரை மணி நேரத்துக்கான கூலியைப் பையின் விலையில் சேர்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள், சேர்க்காவிட்டால் நாங்கள் சும்மா உழைக்கிறோம்.

வழி காட்டியது குழுவில் இருக்கும் தேயிலை பறிக்கும் அக்கா. இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பம் அவருடையது. அவருடைய அம்மா, இடுப்பில் கட்டும் சாக்குத்துணியைப் படங்கு என்பாராம். பனி நனைந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும்போது சேலை நனையாமலும் கிழியாமலும் இருக்க அது வேண்டும். அக்கா ஒரு நாள் வேலைக்கு வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பிள்ளை. முதுகில் புத்தகப் பை, பையின்மேல் ஒரு முழுக் குடைத்துணியைப் போர்த்தி, வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்னக்கா இது?" என்றேன்.

"புத்தகம் நனைஞ்சா இவ அழுவா. அதான் கட்டி விட்டேன். நாங்க எப்பவும் இப்படித்தானே?"

வெட்டவே இல்லை. எட்டுத் துண்டும் ஒட்டியபடியே, குடை எப்படி இருந்ததோ அப்படியே. நாங்கள்தான் அதை வெட்டிப் பிரித்து மறுபடி ஒட்டுவதில் நாளைக் கழித்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலமே புத்தகப் பைக்கான முதல் மழை உறையைத் தைத்தோம். செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கேதான் பிழை நிறைய செய்தோம்.

குடைத்துணியைக் கம்பியிலிருந்து எடுக்கும்போது இழுக்கக் கூடாது. எட்டு முனையிலும் ஒரு தையல் இருக்கும், நடுவில் ஆங்காங்கே கம்பியோடு சேர்த்துக் கட்டிய நூல் இருக்கும். தையல் பிரிக்கும் கொக்கியால் ஒவ்வொன்றாக அறுத்தால் துணி ஓட்டை விழாமல் கழன்று வரும். பிறகு சோப்பு நீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். நல்ல வேளையாக இது பேப்பர் மாதிரி ஈரம் குடிப்பதில்லை. உதறிக் கொடியில் போட்டால் மழை நாளிலும் அன்றைக்கே காய்ந்துவிடும். இந்த ஊருக்கு இதைவிடத் தோதான பொருள் வேறில்லை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

விளிம்பில் எட்டு மூலை துருத்திக்கொண்டிருக்கும். அவற்றைக் கத்தரித்து வட்டமாக்க வேண்டும். மடக்குக் குடை என்றால் குறுக்களவு ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், சுற்றளவு 3 மீட்டர் பக்கம் வரும். விளிம்பை ஒன்றரை சென்டிமீட்டர் மடித்துத் தைத்து, அந்தக் குழாய்க்குள் 1 மீட்டர் இலாஸ்டிக்கைக் கோத்தால் சுருங்கிப் பையைக் கவ்விக்கொள்ளும்.

நடுவில் குடைக்கம்பு நுழையும் ஓட்டைதான் வில்லங்கம். முதல் பத்து உறையிலும் அதன்மேல் ஒரு வட்டத் துண்டை வைத்துச் சாதாரணமாகத் தைத்தோம். தண்ணீர் நேராக அந்தத் தையல் வழியாகவே இறங்கியது. இந்தத் துணியில் ஊசி போட்ட ஓட்டை மூடாது, பருத்தி போல நூல் நெருங்கி அடைத்துக்கொள்ளாது. அதனால் இப்போது இரண்டு வட்டம் வைக்கிறோம், மேலே ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டின் தையலும் ஒரே இடத்தில் விழாமல் மேல் வட்டத்தைப் பெரிதாக வெட்டுகிறோம். தைத்த இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, மேலே பழைய பேப்பர் வைத்து இஸ்திரியை இளஞ்சூட்டில் ஒரு கணம் வைத்து எடுக்கிறோம். மெழுகு ஓட்டைகளை அடைத்துவிடும். சூடு கூடினால் துணியே உருகிச் சுருண்டுபோகும், இரண்டு உறையை அப்படி இழந்தோம்.

ஊசி மெல்லியதாக, 11ஆம் நம்பருக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். நூல் பாலியஸ்டர். குண்டூசி குத்தினால் அங்கேயும் ஓட்டை நிற்கும், அதனால் துணி காயப்போடும் கிளிப்புகளைப் போட்டுப் பிடிக்கிறோம். மெஷினில் துணி வழுக்கிக்கொண்டு ஓடினால் அடியில் மெல்லிய பேப்பரை வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுத்துவிடலாம்.

இத்தனையும் சரியாக வந்த பிறகு முதல் முப்பது உறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் மூன்று உறை காற்றில் பறந்து பள்ளத்தில் போய்விட்டன. அப்புறம் உள்பக்கம் இரண்டு நாடா வைத்தோம், தோள்பட்டை வாரில் கட்டிக்கொள்ள. இன்னொரு விஷயத்தைச் சொன்னது ஒரு பிள்ளையின் அப்பா, ஜீப் ஓட்டுகிறவர். "அக்கா, எல்லாம் கறுப்புத் துணியா இருக்கு. மேகம் இறங்குனா பிள்ளை இருக்கிறதே தெரியாது." அவர் சொன்ன அன்று எனக்குத் தூக்கமில்லை. வளைவுகளில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். கறுப்பு உறைகளை எல்லாம் திருப்பி வாங்கி, கிழிந்த மஞ்சள் மழைக்கோட்டிலிருந்து வெட்டிய பட்டையையும், கடையில் வாங்கிய ஒளி பிரதிபலிக்கும் டேப்பையும் வைத்துத் தைத்துக் கொடுத்தோம். அதன் பிறகு டேப் இல்லாமல் ஒரு உறைகூட வெளியே போனதில்லை. எங்கள் செலவில் பெரிய பங்கு அந்த டேப்தான், அதைக் குறைக்கும் எண்ணம் இல்லை.

ஒரு உறைக்கு இப்போது முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. ₹90க்கு விற்கிறோம். இலாஸ்டிக், டேப், நூல், மின்சாரம் போக ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல் தைத்தவருக்குப் போகிறது. பணக்காரர் ஆக முடியாது, ஆனால் இது கூலி, தானம் இல்லை. வாங்குகிறவர்களும் சுற்றுலாக்காரர்கள் இல்லை, எங்கள் ஊர்க்காரர்கள். சீசன் முடிந்து மழை பிடிக்கும்போதுதான் எங்களுக்கு வியாபாரம். சுற்றுலாவை நம்பிய நாட்களில் மழைக்காலம் முழுக்கக் கை கட்டி உட்கார்ந்திருந்தோம் என்பதை நினைத்தால், இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஸ்வெட்டர்

மலையில் எந்த வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் பழைய ஸ்வெட்டர் இருக்கும். இதில் முதல் வேலை, அது கம்பளியா அக்ரிலிக்கா என்று பார்ப்பது. உள்தையலிலிருந்து ஒரு இழையை உருவி, வெளியே தண்ணீர்த் தட்டின்மேல் பிடித்துக் கொளுத்துகிறோம். முடி கருகும் வாடை வந்து, நெருப்பு தானாக அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். பத்தில் ஒன்று இரண்டுதான் கம்பளியாக வரும்.

கம்பளி கிடைத்த நாள் எங்களுக்குத் திருநாள். கை சுடும் வெந்நீரில் பார் சோப்பு போட்டு இருபது நிமிடம் அடித்துத் துவைத்து, அப்படியே குளிர்ந்த நீரில் முக்கினால் இழைகளின் மேலிருக்கும் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சுருங்கிவிடும். வழக்கமாக ஸ்வெட்டரைக் கெடுக்கும் அதே தப்பை வேண்டுமென்றே செய்கிறோம். பின்னல் தெரியாத அளவுக்குத் தடித்த துணியாகிவிடும், கத்தரியால் எங்கே வெட்டினாலும் இழை பிரியாது. வெந்நீர்ப் பைக்கு உறை, டீ பாட்டுக்கு உறை, செருப்புக்குள் போடும் அட்டை என்று தைக்கிறோம். வெந்நீர்ப் பை உறை ஹோம்ஸ்டேக்களுக்குப் போகிறது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சீட்டு இருக்கும் கம்பளி பெரும்பாலும் சுருங்காது, செதிலைப் பதப்படுத்தி மழுக்கியிருப்பார்கள். அது தெரியாமல் இரண்டு சிலிண்டர் கேஸ் செலவழித்தோம்.

அக்ரிலிக்கைப் பிரித்து நூலாக்கி மறுபடி பின்னலாம். பக்கவாட்டுத் தையல் ஓவர்லாக்காக, அதாவது விளிம்பை வெட்டிச் சுற்றித் தைத்ததாக இருந்தால் தொடவே தொடாதீர்கள், நூல் துண்டு துண்டாகத்தான் வரும்.

இங்கே ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. ஒரு கடை இருபத்தைந்து டீ பாட் உறையை எடுத்துக்கொண்டு, விற்ற பிறகு காசு தருவதாகச் சொன்னது. ஆறு மாதம் கழித்துப் பதினான்கு திரும்பி வந்தன, கண்ணாடி ஜன்னலில் வெயில் பட்டு வெளிறிப்போய். மற்றவற்றுக்குக் காசு வரவே இல்லை. நான்தான் கணக்கு எழுதி வாங்காமல் கொடுத்தவள். அந்த இழப்பு ஏழு பேருக்கும் பங்கானது, யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

செய்ய மறுத்தது

உறைகளிலும் பைகளிலும் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்தையல் மாதிரி சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்டால் இரண்டு மடங்கு விலை கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். வெள்ளைத் துணியில் இழை எண்ணி, தோடர் பெண்கள் கையால் போடும் தையல் அது. 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் குழுவில் தோடர் யாரும் இல்லை. மெஷினில் அதைப் போல இழுத்துவிட்டு நீலகிரிக் கைவினை என்று விற்பது அவர்கள் வயிற்றில் அடிப்பது. ஏழு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம், விவாதமே நடக்கவில்லை.

கூடலூர்ப் பக்கத்தில் உண்ணிச்செடியில் யானை செய்கிறவர்களை நினைத்துக்கொள்வேன். வெள்ளைக்காரன் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட செடி இன்று காட்டையே மூடுகிறது. பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் கைவினைஞர்கள் அந்தத் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி, அசல் அளவில் யானை செய்கிறார்கள். அவை 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அதில் எனக்குப் பிடித்தது, தங்கள் காட்டில் எது மிதமிஞ்சிக் கிடக்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்ததுதான். எங்கள் சரிவில் மிஞ்சிக் கிடந்தது குடைத்துணி.

இப்போது

ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒரு பள்ளிப் பெற்றோர் குழு நூற்றிருபது உறை கேட்டது. தொண்ணூற்றெட்டுதான் கொடுக்க முடிந்தது. ஆள் இருந்தார்கள், துணி போதவில்லை. மலிவான மடக்குக் குடை வந்த பிறகு ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், உடைந்ததும் வீட்டிலேயே தூக்கிப் போடுகிறார்கள். அதனால் இப்போது மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் குடை கேட்கிறோம்.

இன்னொரு சிக்கல், உள்ளே வெள்ளிப் பூச்சு அடித்த குடைகள். நாலைந்து வருடப் பழசானால் பூச்சு மடிப்புகளில் செதில் செதிலாக உதிர்ந்து கையெல்லாம் ஒட்டும். பிள்ளைகள் முதுகில் போட அதைக் கொடுக்க மாட்டோம். முன்னறை மூலையில் இரண்டு மூட்டை சேர்ந்துவிட்டது. கோழிக்கூண்டுக்கு மழைத்தடுப்பாகப் போட்டுப் பார்த்தோம், உதிர்ந்த பூச்சைக் கோழி கொத்தப் பார்த்ததும் கழற்றிவிட்டோம். போன வாரம் ஒரு அக்கா அதை விறகுக் கட்டின்மேல் பூச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறார். இந்த நவம்பர் மழைக்கு விறகு நனையாமல் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக் குடைகளையும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்வோம்.